மஃப்டி போலீஸ் சாதாரண கார்ல வரலாமா, வந்து "ஏறு"ன்னு சொன்னா ஏறணுமா

உங்க கேள்விய ரெண்டு தடவை படிச்சேன். தெருமுனையில மூணு நாளா ஒரு வெள்ளை ஸ்விஃப்ட் நிக்குது, உள்ள ரெண்டு பேர் போனை நோண்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க, பக்கத்து வீட்டுக்காரர் மஃப்டி போலீஸ்னு அடிச்சு சொல்றார், போலீஸ் இப்படி பிரைவேட் வண்டியில எல்லாம் வருவாங்களா, அது சட்டப்படி செல்லுமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரியில போற போக்குல "திடீர்னு இறங்கி யாரையாச்சும் ஏறுன்னு சொன்னா என்ன பண்றது"ன்னு எழுதியிருக்கீங்களே, நெஜமான கேள்வி அதுதான்னு எனக்குப் படுது. வண்டி எந்த வண்டிங்கறது சின்ன விஷயம், அதுல யாரை எப்படி ஏத்துறாங்கங்கறதுதான் பெருசு. நான் ஒரு ஜில்லா கோர்ட்டுல கிரிமினல் சைடு பாக்குற வக்கீல், ரொம்ப வருஷமா எஃப்.ஐ.ஆரும் மகஜரும் (சாட்சிங்க முன்னாடி போலீஸ் எழுதுற பறிமுதல் பதிவு) ரிமாண்ட் ரிப்போர்ட்டும் படிச்சு, இன்ஸ்பெக்டர்களைக் கூண்டுல நிக்க வெச்சு குறுக்கு விசாரணை பண்ணித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். போலீஸ் வேலையில நான் இருந்தது கிடையாது, அதனால கோர்ட் வரைக்கும் வந்த கேஸுங்க வழியா தெரிஞ்சதை மட்டும் சொல்றேன், உளவுப் பிரிவு உள்ளுக்குள்ள எப்படி வேலை பாக்குதுன்னு தெரிஞ்ச மாதிரி பேச மாட்டேன்.

முதல் கேள்விக்கு நேரா பதில், ஆமா, வருவாங்க, தினமும் வர்றாங்க. ஸ்டேஷன் க்ரைம் டீம், எஸ்.பி. போடுற தனிப்படை, மதுவிலக்கு, கஞ்சா கேஸ் பாக்குறவங்க, எஸ்.பி.சி.ஐ.டி, கியூ பிரிவு மாதிரி உளவு பாக்குறவங்க, லஞ்ச ஒழிப்பு, இவங்க யாருமே தலையில சைரன் வெச்ச பொலிரோவுல போயி ஆளை நோட்டம் பாக்க முடியாது. ஜீப் தெருவுக்குள்ள திரும்புறதுக்கு முன்னாடியே டீக்கடையிலருந்து போன் போயிரும். தீபாவளி நேரத்துல தி.நகர் ரங்கநாதன் தெருவுல கூட்டத்தோட கூட்டமா மஃப்டியில நிக்கிறோம்னு போலீஸே ஒவ்வொரு வருஷமும் பேப்பர்ல அறிவிக்குது, பிக்பாக்கெட் அடிக்கிறவனுக்கு அந்த பயம் இருக்கணும்னுதான். செயின் பறிப்பு அதிகமான ஏரியாவுல ரெண்டு ரெண்டு பேரா பைக்ல சுத்துறதும் ரொம்ப நாளா நடக்கிறதுதான், அந்த பைக் பெரும்பாலும் அந்தக் காவலரோட சொந்த பைக்காத்தான் இருக்கும்.

லஞ்ச ஒழிப்பு ட்ராப் கேஸுல இது நல்லா தெரியும். தாலுகா ஆபீஸ்லயோ சர்வேயர்கிட்டயோ பணம் குடுக்கப் போற புகார்தாரர் சட்டைப் பையில பினாப்தலின் பவுடர் தடவுன நோட்டு இருக்கும், கூட இன்னொரு டிபார்ட்மெண்ட்லருந்து வந்த அரசு ஊழியர் ஒருத்தர் சாட்சியா போவார், டீம் மொத்தமும் ஆபீஸுக்குக் கொஞ்சம் தள்ளி ஜெராக்ஸ் கடை பக்கமோ மரத்தடியிலயோ ஒரு சாதாரண காரை ஓரங்கட்டிட்டு உக்காந்திருக்கும். பணம் கைமாறினதும் புகார்தாரர் வெளிய வந்து தலையைத் தடவுவார் இல்ல துண்டை உதறுவார், அதுதான் சிக்னல், அடுத்த நிமிஷம் உள்ள நுழைஞ்சு சோடியம் கார்பனேட் தண்ணியில அந்த அதிகாரியோட விரலை விடச் சொல்வாங்க, தண்ணி ரோஸ் கலருக்கு மாறும். இந்த மொத்த வேலையும் அந்த கார் கவனத்துக்கு வராம நின்னதாலதான் நடக்குது, அங்க போலீஸ் ஜீப் நின்னிருந்தா அன்னிக்கு அந்த ஆபீஸ்ல ஒருத்தரும் பத்து ரூபா கூட வாங்க மாட்டாங்க.

யார் வண்டின்னு கேட்டா அது கலவைதான். டிபார்ட்மெண்ட் பேர்ல வாங்கி கலரோ எழுத்தோ எதுவும் போடாத வண்டி கொஞ்சம் இருக்கும், ஆனா தமிழ்நாட்டுல அரசு வண்டிகளுக்கு நம்பர்ல ஜி வரிசை குடுக்குறதால (டிஎன் 09 ஜி அப்படின்னு வரும்) விவரம் தெரிஞ்சவன் ஒரு பார்வையில கண்டுபிடிச்சிருவான். அதனால நெஜமாவே தெரியக்கூடாதுன்னா சொந்த வண்டி, தெரிஞ்சவங்க வண்டி, இல்லன்னா டிராவல்ஸ் வண்டிதான். இது போலீஸ் மட்டும் பண்றதில்ல. 2017 நவம்பர் 9ஆம் தேதி ஜெயா டிவி, சசிகலா உறவினர்கள் வீடுன்னு 180க்கும் மேற்பட்ட இடத்துல வருமான வரித்துறை ஒரே நேரத்துல இறங்குச்சே, அந்த கார்கள்ல "ஸ்ரீனி வெட்ஸ் மகி"ன்னு கல்யாண ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததை டிவியில பாத்திருப்பீங்க. அத்தனை டிராவல்ஸ் காரை ஒரே நாள்ல புக் பண்ணினா கேக்குறவனுக்கு சந்தேகம் வரும், கல்யாணம்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. 2022 ஆகஸ்ட்ல மகாராஷ்டிரா ஜால்னாவுலயும் அதே துறை அதே மாதிரி கல்யாண வண்டி வேஷத்துலதான் போச்சு.

தமிழ்நாட்டு போலீஸ் வரலாற்றுல இதுக்குப் பெரிய உதாரணம் வீரப்பன் கேஸ்தான். 2004 அக்டோபர் 18 ராத்திரி, தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி பக்கம், வீரப்பனும் கூட இருந்த மூணு பேரும் ஏறின வண்டி ஒரு ஆம்புலன்ஸ், சேலத்து ஆஸ்பத்திரி பேர் எழுதியிருந்தது, ஓட்டினவரே அதிரடிப்படை ஆளு. கண்ணு வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போறோம்னு அவரை நம்ப வெச்சு வெளிய கொண்டு வந்தோம்னு விஜயகுமார் தலைமையிலான அதிரடிப்படை சொன்னது. அந்த ஆம்புலன்ஸ் போட்டோ வெளிய வந்தது, வண்டி வேஷம் போட்டது சந்தேகமில்லாத விஷயம். ஆனா அந்த வண்டி நின்னதுக்கப்புறம் நடந்தது போலீஸ் சொன்ன மாதிரியேதானா, சரணடைய நெஜமாவே வாய்ப்பு குடுத்தாங்களாங்கறதுல மனித உரிமை அமைப்புகள் அப்பவே கேள்வி எழுப்பினாங்க, அது இன்னிக்கும் ரெண்டு பக்கமும் பேசுற விஷயமாத்தான் இருக்கு. நான் இதை ஏன் சொல்றேன்னா, வேஷம் போட்ட வண்டியைப் பத்தி பெரும்பாலும் யாரும் சண்டை போடுறதில்ல, வண்டி நின்ன நிமிஷத்துக்கு அப்புறம் நடந்ததைப் பத்தித்தான் சண்டை.

சரி, சட்டம். போலீஸ் வேலைக்கு ஜீப்லதான் போகணும், யூனிஃபார்ம்லதான் போகணும்னு குற்றவியல் நடைமுறைச் சட்டம் எங்கயும் சொல்லல, பழைய சி.ஆர்.பி.சி.யும் சொல்லல, 2024 ஜூலை 1லருந்து நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ்.ஸும் சொல்லல. அதனால சாதாரண வண்டியில வந்து கவனிக்கிறது, பின்தொடர்றது, காத்து நிக்கிறது இதெல்லாம் தப்பு கிடையாது. அதே சமயம் ரெஜிஸ்ட்ரேஷன், நம்பர் பிளேட் விஷயத்துல மோட்டார் வாகனச் சட்டம் போலீஸுக்குன்னு தனிச் சலுகையும் நான் பாத்த வரைக்கும் குடுக்கல. ரெஜிஸ்ட்ரேஷன் விஷயத்துல தனி ஏற்பாடுன்னு 60ஆம் பிரிவுல இருக்கிறது மத்திய அரசோட ராணுவ வண்டிகளுக்குத்தான். போலீஸ் வண்டியும் ஆர்.டி.ஓ. ரெஜிஸ்ட்ரேஷன் உள்ள வண்டிதான், நம்பர் பிளேட் இருக்கணும், கண்ணாடியில கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாதுன்னு 2012ல சுப்ரீம் கோர்ட் அபிஷேக் கோயங்கா கேஸுல சொன்னது இவங்களுக்கும் சேத்துத்தான். நம்பர் பிளேட்டே இல்லாத காரோ, பிளேட்டை மாத்தின காரோ வந்து "நாங்க போலீஸ்"னு சொன்னா அதை சாதாரணமா எடுத்துக்காதீங்க, அது நெஜ போலீஸாவே இருந்தாலும் அங்க ஏதோ சரியில்ல.

இன்னும் ரெண்டு பழக்கத்தையும் சொல்லியாகணும். ஓன் போர்டு காரை, அதாவது வாடகைக்கு ஓட்ட பெர்மிட் இல்லாத சொந்த உபயோக காரை, வாடகைக்கு எடுக்கிறது சட்டப்படி தப்பு, அது யார் எடுத்தாலும் தப்பு, விபத்து நடந்தா இன்சூரன்ஸ் கம்பெனி அதைத்தான் முதல்ல புடிக்கும். டிராவல்ஸ்காரங்க வயித்தெரிச்சல் இதுல நிறைய இருக்கு. என்கிட்ட வந்த ஒரு டிரைவர் கோயில் ட்ரிப்புன்னு கூப்பிட்டுப் போயி ஆந்திரா பார்டர் வரைக்கும் ஒரு தனிப்படைக்கு வண்டி ஓட்டியிருக்கார், டீசல் காசு மட்டும்தான் வந்துச்சாம், பேட்டா கேக்கவும் பயம், அதுக்கு மேல ஒரு வருஷம் கழிச்சு சாட்சி சம்மன் வேற வந்து என்னைப் பாக்க வந்தார். இன்னொண்ணு கேஸுல சீஸ் பண்ணின வண்டியை எடுத்து ஓட்டுறது. சீஸ் ஆன வண்டி கோர்ட் பொறுப்புல இருக்கிற சொத்து, அதை ஸ்டேஷன்லயே போட்டு வெக்காம சீக்கிரம் உரியவங்ககிட்ட குடுங்கன்னுதான் 2002ல சுந்தர்பாய் தேசாய் கேஸுல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, அதை எடுத்துட்டு டூட்டிக்குப் போறதுக்கு எந்த அனுமதியும் கிடையாது.

அடுத்து ரோட்டுல வண்டியை நிறுத்துற விஷயம், இதுல நிறைய பேருக்குக் குழப்பம். மோட்டார் வாகனச் சட்டம் 130ஆம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, யூனிஃபார்ம்ல இருக்கிற போலீஸ் அதிகாரி கேட்டா டிரைவர் லைசென்ஸைக் காட்டணும். யூனிஃபார்ம்லங்கற வார்த்தை சட்டத்துலயே இருக்கு. அதனால ஜீன்ஸ் டிஷர்ட்ல ஒருத்தர் பல்சர்ல வந்து குறுக்க நிறுத்தி "லைசென்ஸ் எடு, ஃபைன் கட்டு"ன்னா, நீங்க மரியாதையா "சார், யூனிஃபார்ம்ல இருக்கிறவங்களைக் கூப்பிடுங்க, காட்டுறேன்"னு சொல்லலாம். இது வாகனச் சோதனைக்கு மட்டும்தான் பொருந்தும், இதை வெச்சுக்கிட்டு ஒரு கொலைக் கேஸ்ல தேடி வந்த தனிப்படைகிட்ட "யூனிஃபார்ம் எங்க"ன்னு வாதாடாதீங்க, அங்க வேற சட்டம்.

அந்த வேற சட்டம்தான் உங்களுக்கு நெஜமா வேணும். ஒருத்தரைக் கைது பண்ணனும்னு கை வெக்கிற நிமிஷம், அதுவரைக்கும் மறைஞ்சிருந்தவங்க வெளிய வந்தே ஆகணும். பி.என்.எஸ்.எஸ். 36ஆம் பிரிவு, பழைய சி.ஆர்.பி.சி.யில 41பி, கைது பண்ற அதிகாரி தன் பேர் தெளிவா தெரியிற அடையாளத்தோட இருக்கணும்னு சொல்லுது. கைது மெமோ எழுதணும், அதுல உங்க குடும்பத்துல ஒருத்தரோ அந்த ஏரியாவுல மதிப்பா இருக்கிற ஒருத்தரோ சாட்சிக் கையெழுத்து போடணும், கைதானவரும் கையெழுத்து போடணும். குடும்பத்து ஆளு சாட்சியா இல்லன்னா, உறவுக்காரருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ற உரிமை உங்களுக்கு இருக்குன்னு அவங்களே சொல்லணும். எதுக்காகக் கைதுன்னு காரணத்தை உடனே சொல்லணும். 24 மணி நேரத்துக்குள்ள, பயண நேரம் போக, மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், இது அரசியல் சட்டத்துலயே 22ஆம் பிரிவுல இருக்கு. பொம்பளைங்களை சூரியன் மறைஞ்சு விடியிறதுக்குள்ள கைது பண்ணக்கூடாது, ரொம்ப அவசியம்னா பெண் அதிகாரி எழுத்துல ரிப்போர்ட் குடுத்து மாஜிஸ்திரேட்கிட்ட முன் அனுமதி வாங்கணும். இதெல்லாம் திடீர்னு வந்தது இல்ல. மேற்கு வங்காளத்துல லீகல் எய்ட் அமைப்புல இருந்த டி.கே.பாசு 1986ல லாக்கப் சாவுங்களைப் பத்தி சுப்ரீம் கோர்ட்டுக்கு எழுதின ஒரு கடிதம் வழக்காகி, 1996 டிசம்பர் 18ல தீர்ப்பு வந்து, அதுல போட்ட 11 கட்டளைகள்தான் பின்னாடி சட்டமாவே ஏறுச்சு.

கவனிச்சுப் பாருங்க, 36ஆம் பிரிவு யூனிஃபார்ம் போட்டிருக்கணும்னு சொல்லல, பேர் தெரியணும்னுதான் சொல்லுது. அதனால மஃப்டியில வந்தவர் கைது பண்ணினதாலயே கைது செல்லாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா பேரைச் சொல்லாம, ஐ.டி. காட்டாம, எந்த ஸ்டேஷன்னு சொல்லாம, மெமோ இல்லாம, வீட்டுல இருக்கிறவங்களைத் தள்ளிவிட்டுட்டு கார்ல ஏத்திட்டுப் போனா அது சட்டப்படியான கைது இல்ல. மறைஞ்சிருந்து பாக்குற அதிகாரம் அவங்களுக்கு இருக்கு, மறைஞ்சிருந்தபடியே ஆளைத் தூக்குற அதிகாரம் கிடையாது.

"சும்மா ஒரு என்கொயரிதான், வந்துட்டு அரை மணி நேரத்துல போயிரலாம்"னு சொல்றதுதான் அதிகம் நடக்கும். அதுக்கும் சட்டம் இருக்கு. சாட்சியா விசாரிக்கணும்னா பி.என்.எஸ்.எஸ். 179ஆம் பிரிவுல எழுத்து மூலமா கூப்பிடணும், பொம்பளைங்க, 15 வயசுக்குக் கீழ உள்ள பசங்க, 60 வயசு தாண்டினவங்க, உடம்பு முடியாதவங்க, மாற்றுத்திறனாளிங்க இவங்களை வீட்டை விட்டு வேற இடத்துக்கு வரச்சொல்ல முடியாது. குற்றம் சாட்டப்பட்டவரா விசாரிக்கணும், ஆனா கைது தேவையில்லன்னா 35(3) நோட்டீஸ் குடுக்கணும். வாயால கூப்பிட்டு வண்டியில ஏத்துற "என்கொயரி" எந்தப் பிரிவுலயும் வராது. நடைமுறையில இது தினமும் நடக்குது, நான் இல்லன்னு சொல்ல மாட்டேன், ஸ்டேஷனுக்கு வரச்சொன்னா நீங்களா வக்கீலோட இல்ல வீட்டு ஆளோட உங்க வண்டியில போறதுதான் நல்லது.

இந்த சாதாரண வண்டிங்கறது கோர்ட்டுல எங்க வந்து நிக்கும்னும் சொல்றேன். டிபார்ட்மெண்ட் வண்டின்னா லாக் புக் இருக்கும், எத்தனை மணிக்கு எங்க போச்சு, எத்தனை கிலோமீட்டர்னு எழுதியாகணும். பிரைவேட் வண்டிக்கு அது எதுவும் கிடையாது. கஞ்சா கேஸ்ல இன்ஸ்பெக்டர் கூண்டுல ஏறி "விடியக்காலை ரகசியத் தகவல் வந்தது, ரெண்டு காவலரோட தனியார் வாகனத்துல சம்பவ இடத்துக்குப் போனேன்"னு சொல்வார். நான் எழுந்து கேப்பேன், வண்டி யாரோடது, நம்பர் என்ன, டிரைவர் யாரு, அவரை ஏன் சாட்சியா போடல, எடை மெஷின், சீல் மெழுகு எல்லாம் அதே வண்டியிலதான் வந்துச்சா, எங்கருந்து எடுத்தீங்க, டீசல் யார் போட்டது. பாதிக் கேள்விக்கு மேல "ஞாபகம் இல்லை"ன்னு வரும். இது ஒண்ணை வெச்சு மட்டும் எந்த ஜட்ஜும் விடுதலை பண்ணிற மாட்டார், நேர்மையா சொல்லணும்னா பல தடவை இது எடுபடாது. ஆனா தகவலை எழுத்துல பதிஞ்சு மேலதிகாரிக்கு அனுப்பின ரிப்போர்ட்டுல குளறுபடி, மகஜர் சாட்சி பல்டி, தேடுதலை வீடியோ எடுக்கணும்னு பி.என்.எஸ்.எஸ். 105 சொல்றது நடக்கல, இதெல்லாம் கூட சேர்ந்தா, ஊர் பேர் இல்லாத அந்த கார் மேல பெரிய சந்தேகம் விழும். நேர்மையா வேலை பாக்குற அதிகாரிங்க இதனாலேயே பிரைவேட் வண்டி நம்பரை ஸ்டேஷனோட அன்றாடப் பதிவான ஜெனரல் டைரியில எழுதி வெச்சிருவாங்க, அப்படி எழுதினவரை என்னால அந்தப் பக்கம் அசைக்கவே முடிஞ்சதில்ல.

எனக்கு இதுல கோபம் வர்ற இடம் ஒண்ணு இருக்கு. 2020 டிசம்பர்ல பரம்வீர் சிங் சைனி கேஸுல எல்லா ஸ்டேஷன்லயும் சிசிடிவி வெக்கணும், பதிவை 18 மாசம் வரைக்கும் வெச்சிருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டுச்சு. நல்ல உத்தரவு. ஆனா லாக் புக் இல்லாத காரு ஆளை ஏத்திக்கிட்டு ஸ்டேஷனுக்கே போகாம லாட்ஜுக்கோ தோப்புக்கோ போனா எந்த கேமரா அதைப் பாக்கும்? 2025 ஜூன் கடைசியில திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி, ஒரு நகை காணோம்ங்கற புகார்ல தனிப்படை விசாரிக்கிறோம்னு கூட்டிட்டுப் போயி அடிச்சதுல செத்துப் போனார். அடிச்சவங்க மஃப்டியில இருந்தாங்க, அடிச்ச இடம் ஸ்டேஷன் இல்ல, கோயில ஒட்டின இடம். வெளிய வந்த வீடியோ ஒருத்தர் பயந்து பயந்து மறைஞ்சு எடுத்தது, அந்த ஒரு வீடியோ இல்லன்னா கேஸ் எந்த திசையில போயிருக்கும்னு நெனச்சாலே பதறுது. காவலர்கள் கைதாகி, விசாரணை சி.பி.ஐ.க்குப் போச்சு, முறையான அனுமதி இல்லாத தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லி மேலருந்து உத்தரவும் போச்சு. தனிப்படையே வேண்டாம்னு நான் சொல்லல, பெரிய பெரிய கொள்ளைக் கேஸை எல்லாம் அவங்கதான் புடிக்கிறாங்க. ஆனா அவங்க எந்த வண்டியில, யார் உத்தரவுல, எத்தனை மணிக்குக் கிளம்பினாங்கன்னு எங்கயாவது ஒரு பேப்பர்ல இருந்தே ஆகணும்.

போலிங்க விஷயம் அடுத்து. போலீஸ் சாதாரண வண்டியில வர்றது சகஜம்னு ஜனங்களுக்குத் தெரியும், அதைத்தான் திருடனும் பயன்படுத்துறான். 1987 மார்ச் 19, மும்பை ஓபரா ஹவுஸ் ஏரியாவுல ஒரு பெரிய நகைக்கடைக்கு சி.பி.ஐ. ரெய்டுன்னு ஒரு கும்பல் போச்சு. ஒரே ஒருத்தன் பேப்பர்ல வேலைக்கு ஆள் எடுக்கிறோம்னு விளம்பரம் குடுத்து, வந்தவங்களை நெஜ வேலைன்னு நம்ப வெச்சு, பஸ் வாடகைக்கு எடுத்து கூட்டிட்டுப் போனான். நகையை அள்ளிக்கிட்டு அவன் போயிட்டான், இன்னி வரைக்கும் அகப்படல. கூட வந்தவங்களுக்கே அது போலின்னு தெரியாது. நம்ம ஊர்ல தினசரி நடக்குற சின்ன வடிவம் வேற, தனியா நடந்து போற வயசான அம்மாகிட்ட ரெண்டு பேர் பைக்ல வந்து "அம்மா நாங்க போலீஸ், இங்க செயின் அறுப்பு நடக்குது, நகையைக் கழட்டிப் பேப்பர்ல மடிச்சு பையில வையுங்க"ன்னு சொல்லி, மடிச்சுக் குடுக்குற மாதிரி கல்லை மடிச்சுக் குடுத்துட்டுப் போறது. உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட இதை இன்னிக்கே சொல்லுங்க, எந்த போலீஸும் ரோட்டுல நகையைக் கழட்டச் சொல்லாது. அரசு ஊழியர் மாதிரி நடிக்கிறதுக்கு புது தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 204ல குறைஞ்சது 6 மாசம், அதிகபட்சம் 3 வருஷம் தண்டனை.

நெஜ போலீஸா போலியான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேப்பீங்க. ஒட்ட வெட்டின முடி, பிரவுன் ஷூ, டேஷ்போர்டுல தொப்பி, ரெண்டு ஆன்டெனான்னு நெட்ல சுத்துற அடையாளம் எதையும் நான் நம்பச் சொல்ல மாட்டேன், அதெல்லாம் போலிக்கும் தெரியும். போலீஸ் ஸ்டிக்கர் ஒட்டின வண்டி பெரும்பாலும் டூட்டி வண்டியே இல்ல, போலீஸ்காரர் வீட்டு வண்டியாவோ அவர் மச்சான் வண்டியாவோ இருக்கும். 2024 மே மாசம் சென்னை போக்குவரத்து போலீஸ் தனியார் வண்டியில போலீஸ், பிரஸ், வக்கீல்னு ஒட்டியிருக்கிற ஸ்டிக்கருக்கெல்லாம் 500 ரூபா அபராதம் போட ஆரம்பிச்சாங்க, எங்க ஆளுங்க சில பேருக்குக் கோபம், எனக்கு அது சரின்னுதான் பட்டுச்சு. வண்டியைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆளை விசாரிச்சுத்தான் கண்டுபிடிக்கணும். எம்பரிவாகன் ஆப்புல நம்பரைப் போட்டா அது எந்த மாடல் வண்டின்னு வரும், ஸ்விஃப்ட்ல மாட்டியிருக்கிற நம்பருக்கு ஆட்டோன்னு காட்டினா பிளேட் டூப்ளிகேட், அவ்வளவுக்குத்தான் அது உதவும்.

இப்ப உங்க தெருவுக்கு வர்றேன். ஊரைக் கூட்டி அந்த காரைச் சுத்தி நிக்காதீங்க, தயவு செஞ்சு. 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டத்துல போளூர் பக்கம், குலதெய்வம் கோயிலுக்கு கார்ல வந்த சென்னைக் குடும்பத்தை, புள்ள புடிக்கிறவங்கன்னு வாட்ஸ்ஆப்ல வந்த வதந்தியை நம்பி கூட்டமா அடிச்சு, ஒரு வயசான அம்மா அங்கயே செத்துப் போனாங்க. அவங்க வழி கேக்க வண்டியை நிறுத்தினாங்க, புள்ளைங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்க, அவ்வளவுதான். அந்த ஸ்விஃப்ட்ல இருக்கிறவங்க போலீஸாவும் இருக்கலாம், ஃபைனான்ஸ் கம்பெனி ஆளுங்க டியூ கட்டாத வண்டியை எடுக்கக் காத்திருக்கலாம், யாருக்காவது பொண்ணு மாப்பிள்ளை விசாரிக்க வந்தவங்களாவும் இருக்கலாம், இங்கருந்து என்னால சொல்ல முடியாது. 112க்கு போன் பண்ணி வண்டி நம்பர், இடம் சொல்லுங்க. நெஜ போலீஸ்னா கன்ட்ரோல் ரூம்ல அடுத்து என்ன பண்ணணும்னு அவங்களுக்குத் தெரியும், நீங்க போன் பண்ணினதால எந்த ஆபரேஷனும் கெட்டுப் போயிராது, இல்லன்னா ரோந்து வண்டி வந்து விசாரிச்சிட்டுப் போகும்.

கதவைத் தட்டினாங்கன்னா, கிரில்லைத் திறக்காமலே பேர், பதவி, ஸ்டேஷன் கேளுங்க, ஐ.டி.யை நல்லா பாருங்க, அவங்க குடுக்குற நம்பருக்கு பேசாம 112க்கோ நீங்களா தேடி எடுத்த ஸ்டேஷன் நம்பருக்கோ பேசி இந்த அதிகாரியை அனுப்பினீங்களான்னு கேளுங்க. நெஜ போலீஸ்னு தெரிஞ்சதுக்கப்புறம் தடுக்காதீங்க, கதவை அடைச்சு சண்டை போட்டா அதுவே தனி கேஸ் ஆயிரும், சண்டை போடாம கைது மெமோ குடுங்கன்னு கேளுங்க, கூட ஒரு ஆள் பின்னாடியே இன்னொரு வண்டியில வரட்டும். தனியா வண்டி ஓட்டிட்டுப் போற பொண்ணை ராத்திரி மஃப்டியில வந்தவங்க நிறுத்தச் சொன்னா வெளிச்சமும் ஆளும் இருக்கிற பெட்ரோல் பங்க் வரைக்கும் மெதுவா ஓட்டிட்டுப் போயி நிறுத்தச் சொல்லுங்க, போன்ல 112 ஓடிட்டே இருக்கட்டும்.

அப்படியும் ஆளைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, எந்த ஸ்டேஷன்னு தெரியலன்னா, அந்த நிமிஷமே நேரத்தை எழுதி வையுங்க. எங்க சீனியர் காலத்துல இதுக்கு தந்தி குடுப்பாங்க, "இன்ன நேரத்துல இன்னாரைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிருக்கு"ன்னு மாஜிஸ்திரேட்டுக்கும் எஸ்.பி.க்கும் தந்தி போயிருச்சுன்னா, மறுநாள் வேற ஊர் பஸ் ஸ்டாண்டுல புடிச்சதா யாரும் எழுத முடியாது, தந்தி ரசீதுல மணி இருக்கும். 2013 ஜூலையோட தந்தி நின்னு போச்சு. இப்ப அந்த வேலையை ஈமெயில்தான் பண்ணணும், எஸ்.பி. இல்ல கமிஷனர் ஆபீஸ், கலெக்டர், மனித உரிமை ஆணையம், இவங்களுக்கு கார் நம்பர், கலர், வந்தவங்க அடையாளம், நேரம் போட்டு உடனே அனுப்புங்க, தெருவுல இருக்கிற கடை கேமரா பதிவை அழியிறதுக்குள்ள காப்பி எடுங்க. கைதானவங்க பேர் விவரத்தை வெச்சிருக்க ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் மாவட்டத்துலயும் ஏ.எஸ்.ஐ.க்குக் குறையாத ஒரு அதிகாரி பொறுப்புல இருக்கணும்னு பி.என்.எஸ்.எஸ். 37 சொல்லுது, அவரைக் கேளுங்க. 24 மணி நேரம் தாண்டினா ஐகோர்ட்ல ஆட்கொணர்வு மனு போடலாம், சென்னையிலயும் மதுரைக் கிளையிலயும். மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்துறப்ப, என்னைக் கூட்டிட்டு வந்தது இந்த நேரம், இந்த வண்டின்னு கைதானவர் வாயைத் திறந்து சொல்லணும், பயத்துல நிறைய பேர் அங்க தலையை மட்டும் ஆட்டிட்டு வந்துர்றாங்க, அப்புறம் விசாரணையில அதை நிரூபிக்க நாங்க படாத பாடு படுறோம்.

உங்க ஸ்விஃப்ட் நாளைக்கும் அங்கயே நின்னா 112க்குப் பேசினதோட விடாம, தேதி, நேரம், நம்பர் போட்டு லோக்கல் ஸ்டேஷன்ல எழுத்துல ஒரு மனு குடுத்து, மனுவை வாங்கிக்கிட்டதுக்கு அவங்க குடுக்குற சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி வையுங்க.